மடி சுரக்கிற நேரம்

வா ராசா, உள்ள வா. திண்ணை வேண்டாம், இன்னைக்குத் தொழுவுலயே உக்காருவோம். அந்த மணைக்கட்டையை இழுத்துப் போட்டுக்க. மூக்கைச் சுளிக்காத. சாணி நாத்தத்துல இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல. நேத்து நீ அடிச்சுக்கிட்டு வந்த சென்ட்டுலதான் ஒங்க அப்பத்தா தும்மித் தும்மி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா.

நேத்து கருக்கல்ல நீ பண்ணுன கூத்தை நான் கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டே பூராம் பாத்தேன். அஞ்சு மணிக்குச் செல்லு அலறுச்சு. அது அலறுன அலறல்ல நம்ம வீட்டுச் சேவல், இன்னைக்கு நமக்கு லீவு போலன்னு கூவாமலே விட்டுருச்சு. நீ எந்திரிச்ச. பட்டணத்துல இருந்து சுமந்துக்கிட்டு வந்தியே ஒரு வட்டத் தலகாணி, அதைத் திண்ணையில தட்டிப் போட்ட. சம்மணங்கூட்டி உக்காந்த. காதுல ரெண்டு வெள்ளை மொட்டைச் சொருகின. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பொம்பள இழுன்னா இழுத்த, விடுன்னா விட்ட. நான் எழுவத்தாறு வருசமா யாரும் சொல்லாமத்தான் இழுத்து விட்டுக்கிட்டு இருக்கேன். சந்தா கட்டலைன்னு எனக்கு மூச்சு ஒண்ணும் நின்னுபோகலை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நாலாவது நிமிசம் செல்லு செத்துப்போச்சு. ராத்திரி கரண்டு போயிருக்கும் போல. நீ கண்ணைத் தொறந்து பாத்த. நெத்தியில படீர் படீர்னு அடிச்சுக்கிட்ட. "சே, இருவத்திமூணு நாளும் போச்சு! மறுபடியும் ஒண்ணுல இருந்து. நானெல்லாம் எதுக்குமே லாயக்கில்ல." இன்னும் நாலு வார்த்தை சொன்ன. அதைக் கேட்டுட்டுத்தான் அப்பத்தா காப்பியை அங்கனயே வச்சுட்டுப் போனா.

எதுக்குடா இந்தத் தியானம்னு முந்தாநாள் ஒன்னையக் கேட்டேன். சோத்துல கைய வச்சுக்கிட்டு அரைமணி நேரம் பாடம் நடத்துன. ஒன்னைய நீயே அன்பா நடத்திக்கிறதுக்கு, கால் தரையில பாவுறதுக்குன்னு சொன்ன. கேக்கக் குளுகுளுன்னு இருந்துச்சு. அந்த அன்புக்காக உக்காருறதுல ஒரு நாள் தப்பிருச்சுன்னு நீ ஒன்னைய வஞ்ச வசவு இருக்கே, தண்ணி போட்டுட்டு வாரவன்கூட அப்படி வைய மாட்டான். குளிக்கப் போயிச் சேத்தைப் பூசிக்கிட்டு வந்த கதைதான். ஏற்கெனவே ஆபீசுல ஒரு மேனேஜரு, வீட்டுக்கடனுக்கு ஒரு பேங்குக்காரன், இதுல செல்லுக்குள்ள ஒரு கணக்குப்பிள்ளையை நீயே காசு குடுத்து உக்கார வச்சிருக்க.

ஒஞ் சித்தப்பன் மக மதுரையில மனசுப் படிப்புப் படிக்கிறால்ல, அவ லீவுக்கு வாரப்பல்லாம் எனக்கு வாசிச்சுக் காட்டுவா. தாத்தா தூங்கிட்டாருன்னு அவ நெனச்சுக்கிடுவா. நான் கண்ணை மூடிக்கிட்டு அம்புட்டையும் கேட்டுக்கிடுவேன். லண்டன்ல பிலிப்பா லாலின்னு ஒரு அம்மாவும் கூட்டாளிகளும் 96 பேரைப் பிடிச்சு, ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கத்தைக் கைக்கொள்ளச் சொல்லி, 12 வாரம் கணக்கு எடுத்தாகளாம். 2010ல அச்சுல வந்துச்சாம். நெனப்புல வச்சுச் செய்யாம, தானாக் கை போற அளவுக்கு ஒட்டிக்கிட சராசரி 66 நாள். ஒருத்தருக்கு 18 நாள்ல ஒட்டிக்கிருச்சு. இன்னொருத்தருக்கு 254 நாள் ஆகும்னு கணக்கு வந்துச்சு. சரி, நடுவுல ஒரு நாள் தப்பிப்போனா? ஒண்ணும் குடிமுழுகிப் போகலையாம். மறுநாள் விட்ட இடத்துல தொட்டுக்கிட்டுப் போகுது பழக்கம். ஒன் செல்லுதான் ஒண்ணுல இருந்து எண்ணும். ஒடம்பு அப்படி எண்ணாது.

ஒரே நாள் வெதச்ச பருத்தி ஒரே நாள்லயா வெடிக்குது? மேகாட்டுல வெடிச்சுப் பத்து நாள் கழிச்சுத்தான் கம்மாய்ப் பக்கம் வெடிக்கும். அதுக்காக எவனாவது செடியைப் பிடிச்சு நெத்தியில அடிக்கிறானா?

இரு, செவலைக்குக் கொஞ்சம் புண்ணாக்குத் தண்ணி வச்சுட்டு வாரேன். கன்னை இப்ப அவுக்காத. அதுக்கு நேரம் வரும்.

ம்... என்ன சொன்னேன்? சும்மா உக்காருறதைப் பத்தி. அது லேசுப்பட்ட வேலைன்னு நான் சொல்லலைடா. வர்ஜீனியாவுல ஒரு பல்கலைக்கழகத்துல, 2014ல வந்த கணக்கு இது. ஆளைத் தனியா ஒரு ரூம்புல உக்கார வச்சு, 15 நிமிசம் ஒங்க நெனப்போட மட்டும் இருங்கன்னு சொல்லிருக்காக. பக்கத்துல ஒரு பொத்தான். அமுக்குனா கரண்டு சுர்ருனு பிடிக்கும். அந்தச் சுர்ரை ஏற்கெனவே ஒருக்கா வாங்கிப் பாத்துட்டு, இனி இது வேணாம், காசு குடுத்தாவது தப்பிச்சுக்கிடுறோம்னு சொன்ன ஆளுகதான் அம்புட்டுப் பேரும். உள்ள போன 18 ஆம்பளையில 12 பேரு பொத்தானை அமுக்கிட்டாக. 24 பொம்பளையில 6 பேரு. ஒரு மகராசன் 190 தடவை அமுக்கியிருக்கான். சும்மா இருக்கிறதுக்குக் கரண்டே தேவலைன்னு ஆயிருச்சு பாத்தியா. நீ கால் மணி நேரத்துக்கு ஒருக்காச் செல்லைத் தடவுறியே, அதுவும் அந்தப் பொத்தான்தான். ஆளைத் தூக்கி அடிக்காது, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

உக்காந்தா மனசு ஓடுதே தாத்தான்னு நேத்து சலிச்சுக்கிட்ட. ஓடத்தான் செய்யும். ஹார்வர்டுல ரெண்டு பேரு 2,250 ஆளுகளுக்குச் செல்லுலயே மணியடிச்சு மணியடிச்சு, இப்ப என்ன செய்யுறீக, என்ன நெனைக்கிறீகன்னு கேட்டு 2010ல கணக்குப் போட்டாக. முழிச்சிருக்கிற நேரத்துல 46.9 சதவீதம் மனசு செய்யுற வேலையில இல்லையாம். பாதி நேரம் பக்கத்து ஊர்ல. ஆகக்கூடி மனசு ஓடுறது ஒன் குத்தமில்ல, அது மனுசக் கூறு. ஆட்டுக்குட்டி ஓடுனா என்ன செய்யுற? போயி, காதைப் பிடிக்காம, கழுத்தைத் தடவிக் கூட்டிக்கிட்டு வார. மறுபடி ஓடும். மறுபடி கூட்டிக்கிட்டு வரணும். அந்தக் கூட்டிக்கிட்டு வாரதுதான் தியானம். ஓடாத குட்டியைப் பிடிச்சு உக்கார வச்சிருக்கிறதுக்குப் பேரு தியானமில்ல, பொம்மைக் கொலு.

நம்ம திருச்சுழியில 1879ல பொறந்தாரே ரமணரு, அவரு கதை தெரியும்ல? மதுரையில படிச்சுக்கிட்டிருந்த பிள்ளை. 1896ல, பதினாறு வயசுல, அண்ணன் காலேசு சம்பளம் கட்டக் குடுத்த அஞ்சு ரூவாயில மூணை மட்டும் எடுத்துக்கிட்டு, ரெண்டை அங்கனயே வச்சுட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறிட்டாரு. வீட்டுல இருந்து எடுத்தது வெறும் மூணு ரூவா, அதுலயும் சிக்கனம். நீ அந்தத் தியான ஆப்புக்கு வருசத்துக்கு என்ன கட்டுறன்னு ஒங்கப்பன்கிட்ட நான் சொல்லலை, பயப்படாத. அவரு பாதாள லிங்கத்துக்கிட்ட உக்காந்திருந்தப்ப பூச்சி எறும்பெல்லாம் தொடையைத் தின்னுருக்கு, அசையலை. நீ நேத்து ஒத்தக் கொசுவுக்குத் தலகாணியைத் தூக்கிக்கிட்டு உள்ள ஓடி வந்த. சிரிக்காத, நானும் அப்படித்தான். அவரு மலை. மலையைக் கும்பிடலாம், மலையாகணும்னு ஆசைப்பட்டு மண்டையை ஒடச்சுக்கிடக் கூடாது. ஒனக்கும் எனக்கும் இந்த மணைக்கட்டை போதும்.

நான் எப்ப உக்காரப் படிச்சேன்னு ஒனக்குச் சொன்னதில்லைல? ஒங்கப்பனுக்கே பாதிதான் தெரியும்.

1989. அப்ப மேகாட்டுல மூணு குறுக்கம் நம்மளுது. மழை பொய்ச்சுப் பொய்ச்சு, போர் போட்டுருவோம்னு எனக்குக் கிறுக்குப் பிடிச்சுச்சு. நீரோட்டம் பாக்குற ஒருத்தரு வந்தாரு. உள்ளங்கையில தேங்காயை வச்சுக்கிட்டு நடந்தாரு. வேப்பமரத்துக்கு மேற்க தேங்கா எந்திரிச்சு நட்டமா நின்னுச்சு. ஊரே கைதட்டுச்சு. வட்டிக்கு வாங்கி வண்டியைக் கொண்டாந்து எறக்குனேன். நூறு அடி, எரநூறு அடி, பொடி. முந்நூறுல கொஞ்சம் ஈரப்பொடி. அன்னைக்கு அந்த ஈரத்தை எடுத்து நெத்தியில பூசிக்கிட்டேன்டா, விபூதி கெணக்கா. அதோட நிறுத்தியிருக்கலாம். இன்னும் நூறுன்னேன். நானூறு அடி போயும் புகைதான் வந்துச்சு. தேங்கா நின்னுச்சு, தண்ணி நிக்கலை. கடனை அடைக்க அந்த மூணு குறுக்கத்தையும் வித்தேன்.

அதுக்கப்புறம் ராத்திரி மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துரும். நெஞ்சு திடுதிடுன்னு அடிக்கும். படுத்தபடி என்னைய வைய ஆரம்பிப்பேன். முட்டாப்பய, மூதேவி, அப்பன் சம்பாதிச்சதைத் தொலைச்ச பய. விடியிற வரைக்கும் இதே பாட்டு. விடிஞ்சதும் பால் கறக்க வருவேன். வாயி நிக்காது, கறந்துக்கிட்டே என்னைய வஞ்சுக்கிட்டிருப்பேன். இந்தச் செவலைக்கு அஞ்சு தலைமுறைக்கு முந்தின பாட்டி அப்ப நின்னுச்சு, அதுவும் செவலைதான். வேளைக்கு மூணு படி கறந்த மாடு ஒரு படியில நிப்பாட்டிருச்சு. காலைத் தூக்கி உதைக்கும். கன்னுக்கு மட்டும் ரகசியமாக் குடுக்கும். பால் சொசைட்டியில, என்னங்க மாமா, தண்ணிதான் ஊத்துவாக, நீங்க பாலையே ஊத்த மாட்டேங்குறீகளேன்னு கேலி.

ஒங்க அப்பத்தா ஒரு மாசம் பாத்தா. ஒரு நாளு அந்தா, அந்தக் காடிப் பக்கம் நின்னுக்கிட்டுச் சொன்னா: "கடன் குடுத்தவரே வாசல்ல நின்னு மரியாதையாத்தான் கேட்டுட்டுப் போனாரு. நீங்கதான் ஒங்களைய இப்படி வைறீக. நீங்க யாரை வைறீகன்னு அந்த வாயில்லாச் சீவனுக்குத் தெரியுமா? தன்னையத்தான்னு நெனச்சுக்கிடுது. கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு உக்காருங்க. அது மூச்சு அடங்கட்டும், ஒங்க மூச்சும் அடங்கட்டும். பெறகு கைய வைங்க."

சொல்லிட்டுச் செம்பைப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டா. எனக்கு வேற வழியில்ல. உக்காந்தேன்.

அதுதான் என் தியானம். யாருகிட்டயும் தீட்சை வாங்கலை, பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்குனேன்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்னு சொல்லுவோம்ல. ஊர்ல உள்ளவனையெல்லாம் மடக்க அந்தச் சொலவடையச் சொல்லிச் சொல்லி வாயி தேஞ்சுபோச்சு. மாடு நீயாவும் இருக்கலாம்னு ஒருத்தனுக்கும் தோணலை. ஒன்னைய நீ எப்படிக் கறக்குற? சாட்டையைத் தூக்கிக்கிட்டு. அது பாலை அடக்கிக்கிருது. ஒடனே இன்னும் ரெண்டு சாட்டை.

நம்ம கால்நடை டாக்டரு ஒரு தடவை வெவரமாச் சொன்னாரு. கன்னு முட்டுன ஒடனே மாட்டு மூளையில இருந்து ஆக்சிடோசின்னு ஒண்ணு ரத்தத்துல எறங்கி மடிக்கு வருமாம். அது வந்தாத்தான் பால் எறங்கும். அதுக்கு ஒரு நிமிசம் போல ஆகும். வந்த பெறகு அஞ்சாறு நிமிசத்துல கறந்து முடிச்சுரணும். நீ கத்துனாலோ அடிச்சாலோ மாட்டுக்குப் பயத்துல அட்ரினலின் ஏறி வழியை அடச்சுரும். மடி நெறையப் பால் இருக்கும், செம்புக்கு வராது. பிள்ளைக்குப் பால் குடுக்கிற தாய்க்கும் எறங்குறது இதே ஆக்சிடோசின்தானாம். அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு, ஒங்க அப்பத்தா பத்தாம் வகுப்புக்கூட எட்டாம டாக்டரு சொன்னதை டாக்டருக்கு இருவது வருசம் முந்தியே சொல்லியிருக்கான்னு. இதை அவகிட்டச் சொல்லிராத. ஏற்கெனவே தாங்க முடியலை.

இன்னொண்ணு, நீ டெக்சாஸ்னு கேள்விப்பட்டிருப்ப. மாடு மேய்க்கிறதுக்குப் பேருபோன ஊராம்ல. அங்கன ஒரு பல்கலைக்கழகத்துல கிறிஸ்டின் நெஃப்னு ஒரு அம்மா இருக்காக. 2003ல இருந்து இந்தத் தன்மேல தயவு விசயத்தைத்தான் அளந்து அளந்து எழுதுறாக. மூணு சமாச்சாரம் வேணுமாம். வலிக்குதுன்னு மூடி மறைக்காம ஒத்துக்கணும். ஒனக்கு மட்டும் வந்த கேடு இல்ல இதுன்னு தெரியணும். சேக்காளிக்குச் சொல்லுற மாதிரி ஒனக்கும் நல்ல வார்த்தை சொல்லணும்.

நடுவுல உள்ளதுதான்டா பெரிய மருந்து. போர் பொய்ச்சு ஆறு மாசம் கழிச்சு, டீக்கடையில வாயைத் தொறந்து நானே சொன்னேன், நானூறு அடி புகைன்னு. மேலத்தெருக்காரரு ஒருத்தரு கிளாசைக் கீழ வச்சாரு. "எனக்கு முந்நூத்தம்பது" அப்டின்னாரு. இன்னொருத்தரு, "எங்கண்ணனுக்கு ரெண்டு போரு மாப்ள, ரெண்டும் போச்சு." டீ மாஸ்டரு டீயை ஆத்திக்கிட்டே, அவரு மாமனாரு வீட்டுக் கதையை எடுத்தாரு. அந்தத் தேங்காக்காரரு எங்க அம்புட்டுப் பேரையும் ஒரே தேங்காயிலதான் முடிச்சிருக்காருன்னு அன்னைக்குத் தெரிஞ்சுச்சு. சிரிச்சோம் பாரு, கண்ணுல தண்ணி வார வரைக்கும். எனக்குப் போருல வராத தண்ணி அன்னைக்குத்தான் வந்துச்சு.

நீ என்ன கேக்க வாரன்னு தெரியுது. ஒன்னைய நீயே கொஞ்சிக்கிட்டிருந்தா சோம்பேறியாப் போயிருவோமேன்னுதான? அடிச்ச காளை மேட்டுல படுத்துக்கிரும், நான் பாத்துருக்கேன். நுகத்தடியை இறக்கி, கழுத்துல தண்ணியை அடிச்சு, நாலு நிமிசம் நிக்க விட்டது அதே மேட்டை ஏறிரும். மாட்டை நம்ப மாட்டேன்னா கலிபோர்னியாவை நம்பு. பெர்க்லியில 2012ல பாத்துருக்காக. ஒரு கஷ்டமான பரீச்சையில பிள்ளைகளைத் தோக்க வச்சு, ஒரு கூட்டத்துக்கு மட்டும், பரவாயில்ல, எல்லாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும், ஒன்னைய நீயே ரொம்ப வதைக்காதன்னு சொல்லி வச்சிருக்காக. அடுத்த பரீச்சைக்கு மத்தவகளை விடக் கூட நேரம் உக்காந்து படிச்சது அந்தக் கூட்டம்தானாம்.

சரி, பட்டணத்துல ஒனக்கு மாடு ஏது? நாலாவது மாடியில கன்னுக்குட்டியைக் கட்டுனா அசோசியேசன்காரன் வந்துருவான். ஆனா பால் இருக்குல்ல. காலையில எந்திரிச்சதும் பாக்கெட்டை வெட்டிச் சட்டியில ஊத்தி அடுப்புல வைக்கிறியா இல்லையா? வைக்கிற. அது பொங்குறதுக்கு அஞ்சு நிமிசம் ஆகுமா? அந்த அஞ்சு நிமிசம் இப்ப என்ன செய்யுற? செல்லைப் பாக்குற, பால் பொங்கி வழியுது, அடுப்பைத் தொடைச்சுக்கிட்டே ஒன்னைய வையுற. அந்த அஞ்சு நிமிசந்தான் ஒன் கோயிலு. புதுசா ஒரு நேரத்தைத் தேடாத, தலகாணியைத் தேடாத. ஏற்கெனவே நடக்குற வேலையோட வாலுல இதை முடிஞ்சு விட்டுரு. வேலை நடக்குற வரைக்கும் இதுவும் நடக்கும்.

செல்லு வேற ரூம்புல கெடக்கட்டும். அடுப்புக்கிட்ட வெறுங்கால்ல நில்லு. மொதல்ல காலைப் பாரு. டைல்ஸ் சில்லுன்னு இருக்கும். குதிங்காலுல எம்புட்டுக் கனம், பெருவெரல்ல எம்புட்டுன்னு பாரு. சும்மா பாரு, சரி பண்ணாத. பெறகு காது. பக்கத்து வீட்டுக் குக்கரு, கீழ பேப்பர் போடுற பையன் சைக்கிளு, பால் சட்டி ஓரத்துல சுர்ருன்னு ஒரு சத்தம். நல்ல சத்தம் கெட்ட சத்தம்னு பிரிக்காத. அப்புறம் மூச்சு. இழுக்குறதை அது பாட்டுல விடு, வெளிய விடுறதை மட்டும் கொஞ்சம் நீட்டி விடு. மூச்சு வெளிய போறப்ப நெஞ்சு ஒரு சொட்டு மெதுவா அடிக்கும், அது ஒடம்போட ஏற்பாடு. நீட்டி விட்டா அந்த ஆறுதல் கூடக் கொஞ்சம் நிக்கும்.

கடைசியா நெஞ்சுல கைய வையி. கூச்சப்படாத, யாரும் பாக்கலை. ஒரே ஒரு வாக்கியம் சொல்லு. அதை இங்கிலீசுல சொல்லாத ராசா. அந்த ஆப்புப் பொம்பள 'மே ஐ பி ஹேப்பி'ங்கிறா, நீயும் அதையே திருப்பிச் சொல்லுற, லோன் அப்ளிகேசன்ல கையெழுத்துப் போடுற மாதிரி இருக்கு. ஒனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒங்க அப்பத்தா நெத்தியில கைய வச்சு என்ன சொன்னா? "என் தங்கம், மேலுக்கு முடியலையா? செத்த படுத்துக்கய்யா, சரியாப் போகும்." அதே மாதிரி சொல்லு. நேத்து கஷ்டந்தான் தங்கம், இன்னைக்குப் பாத்துக்கிடுவோம். அம்புட்டுத்தான். ஒன்னையக் கொஞ்சின பாஷை ஏதோ அதுலதான் மனசுக்குக் காது இருக்கு.

வெள்ளன செய்யச் சொல்லுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. முழிச்ச ஒடனே ஒடம்புல கார்டிசோல்னு ஒண்ணு ஏறி, அரைமணி முக்கால்மணியில உச்சத்துக்குப் போகுமாம், ஆளை எழுப்பி ஓட விடுறதுக்கு. அந்நேரம் வார கவலை எல்லாம் ரெண்டு மடங்கு பெருசாத் தெரிஞ்சா அதிசயமில்ல. என் மூணு மணிக் கவலைக்கும் கொம்பு இம்புட்டு நீளம் இருக்கும். செவலை பக்கத்துல வந்து உக்காந்தா பாதி கொம்பு உதுந்துரும். மாடு ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் அசை போடுது, தெரியுமா? ஓயாமக் கவலைப்படுறதுக்கும் இங்கிலீசுல அசை போடுறதுங்கிற வார்த்தையத்தான் வச்சிருக்காகளாம். மாடு அசை போட்டா பால் வருது. நாம அசை போட்டா ஏப்பம்கூட வர மாட்டேங்குது.

மெல்லுறதுன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. அமெரிக்காவுல கபாட்-ஜின்னுன்னு ஒருத்தரு 1979ல ஆஸ்பத்திரியில ஒரு தியானப் பயிற்சி ஆரம்பிச்சாரு, அதுல மொத நாளு ஒரு காஞ்ச திராட்சையைக் கையில குடுத்துப் பாரு, மோந்து பாரு, மெதுவா மெல்லுன்னு சொல்லுவாகளாம். நம்ம கல்யாணப் பந்தியில பாயசத்துல ஒத்தத் திராட்சை விழுந்தவன் அதைத்தான செய்யுறான்?

ஒண்ணு மட்டும் கேலி இல்லாமச் சொல்லுறேன். கண்ணை மூடுனா சில பேருக்குப் பழைய பயமெல்லாம் படையெடுத்து வரும். ஒனக்கு அப்படி ஆச்சுன்னா மூடாத. கண்ணைத் தொறந்துக்கிட்டே காலையும் தரையையும் பாரு, போதும். அதுலயும் அடங்கலை, தூக்கம் போச்சு, சோறு எறங்கலைன்னா டாக்டருகிட்டப் போ. 14416னு ஒரு நம்பரு இருக்கு, காசில்லாமப் பேசலாம், தமிழ்லயே பேசலாம். எலும்பு முறிவுக்கு மஞ்சப்பத்துப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கக் கூடாது. அந்த வருசம் எனக்கு ஒங்க அப்பத்தாவும் டீக்கடையும் இருந்துச்சு. எல்லாருக்கும் இருக்காதுல்ல.

இப்ப கன்னை அவுத்து விடு. ஓடட்டும், நீ குறுக்க நிக்காத. பாத்தியா, எப்படி முட்டுது! நாலு காம்பையும் ஒரு சுத்து சுத்திட்டு வரும். செவலை நக்கிக் குடுக்கிறாளா? நல்லது.

இந்த நேரத்துல ஒண்ணு சொல்லிருறேன். முந்தாநாள் ராத்திரி கரண்டு போகலை. நான்தான் ஒன் செல்லு வயரைப் பிடுங்கிட்டு என் டார்ச்சு லைட்டைச் சொருகிப் போட்டேன். தொழுவுல பாம்புச் சட்டை கெடந்துச்சு, வெளிச்சம் வேணுமா இல்லையா? காலையில நீ நெத்தியில அடிச்சுக்கிட்டப்பவே சொல்லியிருக்கலாம். கூத்து நல்லா இருந்துச்சு, கெடுக்க மனசு வரலை.

என்ன முறைக்கிற? வையி, வாயில வந்தபடி வையி. நேத்து ஒன்னைய வஞ்சியே, அந்த வார்த்தையே இருக்கு, அதுல ஒண்ணை எடுத்து வீசு. இருவத்திமூணு நாளைத் தொலைச்ச கெழவன் நான்தான்.

வைய மாட்டேங்குறியே. சிரிக்கிற. போனாப் போகுது தாத்தா, தெரியாமச் செஞ்சுட்டீகங்குற. தெரிஞ்சுதான்டா செஞ்சேன். இருந்தாலும் சிரிக்கிற. எனக்காக ஒரு நிமிசத்துல வந்த சிரிப்பு, ஒனக்காக நேத்து ஏன் வரலை?

பதில் சொல்லாத. சத்தம் போடாதங்கிறேன். கன்னை இழுத்து அந்தக் குச்சியில கட்டு, தாய் நக்குறதுக்கு எட்டுற மாதிரி. மணையை இன்னும் கிட்டக்கப் போடு. தலையை அவ விலாவுல சாச்சுக்க. ஆமா, அப்படியே சாய், ஒண்ணும் ஒட்டாது. உள்ள பொதுபொதுன்னு சத்தம் கேக்குதா? அவ மூச்சு ஏறி எறங்குறது கன்னத்துல தெரியுதா?

இப்ப மடியைத் தொட்டுப் பாரு. கல்லாட்டம் இருந்தது எளகி வருதுல்ல?

எங்க அந்தச் செம்பு? இங்க கொண்டா.